முதல்ல பைப்பைப் பூட்டுங்கோ

தேடல் விளம்பரம் என்பது ஒரு ஏலம் என்று இந்த வார எபிசோடில் கதைத்தோம். அந்த ஏலம் எங்கட வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கிற ஒரு இடம் இருக்கிறது. குளியலறைச் சுவரில் தொங்குகிற சுடுதண்ணி பலோன்.

ஞாயிறு இரவு, பியர்ஃபித்-சூர்-செய்னில் நாலாம் மாடி வீடு என்று வையுங்கோ. பலோனுக்குக் கீழே தண்ணி நிற்குது. அம்மா வாளி வைக்கிறா, அப்பா கீழ்வீட்டுக்காரரை நினைச்சுப் பயப்படுறார், போன் உங்கட கையில். "புளொம்பியே", "உர்ஜோன்ஸ்", ஊர்ப் பெயர் என்று மூன்று சொல் அடிக்கிறீர்கள். முதலில் வருகிறவர் ஊரில் நல்ல பிளம்பரும் இல்லை, கிட்ட இருக்கிற பிளம்பரும் இல்லை. அந்தக் கிளிக்குக்கு நிறையக் காசு கட்டத் தயாரானவர். "ஸ்பொன்சொரிசே" என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும், ஈரக் கையோட நிற்கிற ஆளுக்கு அது கண்ணில் படாது. ஒரு கிளிக்குக்கு அவ்வளவு கட்ட ஆருக்குக் கட்டுப்படியாகும்? ஒரே வரவில் அதை உங்களிட்ட இருந்து திருப்பி எடுக்கக் கூடியவருக்குத்தான். கெட்டிக்காரப் பிளம்பருக்கு வாய்ச்சொல்லிலேயே வேலை நிறைஞ்சு கிடக்கும், அவருக்கு இந்த ஏலம் தேவையில்லை.

கடதாசி உலகத்திலும் இதே விளையாட்டுத்தான். தபால்பெட்டிக்குள் நீலம், வெள்ளை, சிவப்பில் ஒரு அட்டை வரும். மேலே பொலிசுக்கு 17, தீயணைப்புக்கு 18, கீழே பிளம்பர், பூட்டுத் திறக்கிறவர். மேரி அனுப்பினது போல இருக்கும். நகரசபைகள் பிளம்பர்களைச் சிபாரிசு செய்வதில்லை. அதிலும் பியர்ஃபித் 2025 ஜனவரி 1 இலிருந்து சென்-தெனியோடு இணைந்துவிட்டது, "பியர்ஃபித் நகரசபை" பெயரில் புது அட்டை வந்தால் சிரிச்சுக்கொண்டே குப்பையில் போடலாம். எங்கட அம்மாமார் அதைக் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டுவதுதான் பிரச்சினை.

என்னைக் கேட்டால், இவர்கள் விற்கிறது பிளம்பிங் இல்லை. அவசரம். அந்த அவசரத்தைப் பத்து நிமிடத்தில் நீங்களே இல்லாமல் பண்ணலாம்.

கரண்ட் பெட்டியில் பலோனுக்குரிய சுவிட்சை இறக்குங்கோ. பிறகு பலோனுக்கு அடியில் நீலப் பக்கத்துக் குழாயில், அதாவது குளிர்தண்ணி உள்ளே போகிற இடத்தில், ஒரு பித்தளைச் சாமான் இருக்கும். பெயர் குறூப் தெ செக்யூரித்தே. அதில் இரண்டு திருகு: ஒன்று தண்ணி வரவை நிற்பாட்டும், மற்றது உள்ளே இருக்கிறதை வெளியே விடும். முதலாவதைப் பூட்டுங்கோ. அது இறுகிக் கிடந்தால் வீட்டின் பிரதான வால்வைப் பூட்டலாம். தாங்கியே ஒழுகுது என்றால், ஒரு சுடுதண்ணிப் பைப்பைத் திறந்து காற்றுப் போக விட்டு, இரண்டாவது திருகால் மெதுவாக வடிய விடுங்கோ. உள்ளே இருக்கிறது கொதிதண்ணி, கையைத் தள்ளி வையுங்கோ. அதோட இரவு முடிஞ்சுது. திங்கட்கிழமை காலையில் ஆறுதலாகத் தேடலாம்.

இன்னொன்று. ஒழுகுகிற எல்லா பலோனும் செத்த பலோன் இல்லை. தண்ணி சூடேறும்போது விரியும், 200 லீற்றர் தாங்கியில் கிட்டத்தட்ட 6 லீற்றர். அந்த மேலதிகத்தை வெளியே விடத்தான் அந்தப் பித்தளைச் சாமான் இருக்கிறது. பலோன் சூடேறுகிற மணித்தியாலங்களில், பெரும்பாலும் இரவில், அது சொட்டுவது சுகமான பலோனுக்கு அடையாளம். நாள் முழுக்க சொட்டினால் குறூப்பை மாற்ற வேண்டி இருக்கலாம், இல்லை குழாய் அழுத்தம் கூடவாக இருக்கலாம். அடித்தட்டு மூடியைச் சுற்றி ஒழுகினால் ரப்பர் வளையம் போயிருக்கலாம். தாங்கியின் உடம்பே துருப்பிடித்து, வெளித்தகட்டுக்குள்ளால் பழுப்புத் தண்ணி வந்தால் மட்டும்தான் புதுசு வாங்குகிற கதை. எதையும் கழட்டிப் பார்க்காமல் "முழுக்க மாத்தோணும்" என்று சொல்லுகிறவரை வாசலிலேயே வழியனுப்பலாம்.

சட்டத்திலும் அவசரத்துக்கு ஒரு விலை இருக்கிறது. வீட்டுக்கு வந்த ஆளோட வீட்டிலேயே ஒப்பந்தம் போட்டால், பொதுவாக 14 நாளுக்குள் மனம் மாறலாம். ஆனால் நீங்களே கூப்பிட்ட அவசரத் திருத்தத்துக்கு அந்த உரிமை இல்லை. அதுவும் அவசரத்தை நிற்பாட்டக் கட்டாயம் தேவையான வேலைக்கும் சாமானுக்கும் மட்டும். ஒரு சின்ன வளையம் போட வந்தவர் அந்தச் சாக்கில் புது பலோன் விற்றால், மிச்சத்துக்கு "உர்ஜோன்ஸ்" என்று சொல்ல ஏலாது. அதனால்தான் சிலர் நீட்டுகிற தாளில் உரிமையைக் கைவிடுவதாக ஒரு வரி இருக்கும். கையெழுத்துக்கு முதல் அதை வாசிச்சு அப்பா அம்மாவுக்கும் சொல்லுங்கோ. வேலை தொடங்க முதல் எழுத்தில் விலைமதிப்பீடு, அதாவது தெவி, தரவேண்டும் என்பதும் 2017 இலிருந்து விதி. ஏமாத்துப்பட்டால் அரசாங்கத்தின் சிஞால்கொன்சோ தளத்தில் முறையிடலாம்.

இப்ப மற்றப் பக்கம். எங்கட வீடுகளில் கூகுளுக்கு முதலே ஒரு தேடல் இயந்திரம் இருந்தது, லாச்சப்பல். ரூ கைல் கடையில் மரக்கறி வாங்கும்போது "உங்களுக்குத் தெரிஞ்ச பைப்காரர் ஆராவது?" என்று கேட்டால் மூன்று பெயர் வரும், மூன்றுக்கும் விமர்சனமும் சேர்ந்து வரும். எங்கட தலைமுறை இதைப் பார்த்துச் சிரிக்கிறது. எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடு இல்லை. பிழையான ஆளைச் சொன்னால் அடுத்த சனிக்கிழமை அதே கடையில் முகம் பார்க்க வேண்டும், அதனால் சொல்லுகிறவர் யோசித்துத்தான் சொல்லுவார். ஐந்து நட்சத்திரம் போடுகிற முகம் தெரியாதவருக்கு அந்தப் பயம் இல்லை.

ஆனால் அந்த வலையில் ஒரு ஓட்டை: கடதாசி இல்லை. "தெரிஞ்ச பொடியன், காசாக் குடுத்தா மலிவு" என்பார்கள். மலிவுதானா? இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட வீட்டில் பிளம்பரே பலோனை வாங்கிப் பூட்டி ஃபக்த்யூர் தந்தால் சாமானுக்கும் கூலிக்கும் வரி 10 வீதம். கடையில் நீங்களே வாங்கினால் 20. பல கொம்பனிகள் தாங்கிக்கு ஐந்து வருட உத்தரவாதம் தருகின்றன, அதைக் கேட்கப் போனாலும் ஃபக்த்யூர் வேண்டும். பூட்டினது பிழைச்சுக் கீழ்வீட்டுக் கூரை நனைஞ்சால், பிளம்பரின் தொழில் காப்புறுதியைத் தேடிப் போக உங்கட கையில் ஒரு தாள் இருக்கவேண்டும். தாள் இல்லையென்றால் அந்தப் பொடியன் உங்கட வீட்டுக்கு வரவே இல்லை.

ஆக, பெயரை மாமாவிடம் எடுங்கோ, சரிபார்க்கிற வேலையை நீங்கள் செய்யுங்கோ. அந்தப் பெயரை அனுவேர் தேஸ் ஓந்த்ரப்ரீஸ் என்ற அரச தளத்தில் தேடினால் நிறுவனம் உயிரோடு இருக்கிறதா, எந்த வருடம் பதிந்தது, எந்தத் தொழிலுக்குப் பதிந்தது எல்லாம் இலவசமாக வரும். தெவியில் இருக்கிற 14 இலக்க சிரெத்தை அதோடு ஒப்பிட இரண்டு நிமிடம். போனில் "எனக்கு உங்களில நம்பிக்கை இல்லை" என்ற தொனி வரக்கூடாது. "அண்ணை, ஒரு தெவி எழுதி அனுப்புவீங்களோ, இன்சூரன்ஸ்காரர் கேக்கினம்" என்றால் ஒருத்தரும் கோவிக்க மாட்டார்கள். தமிழில் நாலு ஐந்து வருடமாக நேர்மையாகத் தொழில் செய்கிற ஆக்களுக்கு அந்தக் கேள்வி சந்தோசமாகவும் இருக்கும். காசுக்குச் செய்கிறவரோட அவர்கள்தானே போட்டி போடவேண்டி இருக்கு.

வாடகை வீட்டுக்காரருக்கு ஒரு வரி: சின்னப் பராமரிப்பு உங்கட தலையில், வயதாகிப்போன பலோனை மாற்றுவது வீட்டு உரிமையாளர் செலவு. அவருக்கு எழுதாமல் காசு கட்ட வேண்டாம். தண்ணி கீழே இறங்கியிருந்தால் உங்கட காப்புறுதிக்கு ஐந்து வேலைநாளுக்குள் அறிவிக்கவும் வேணும்.

இந்தக் கிழமை வீட்டுக்குப் போனால் அந்த வடிகால் திருகை ஒருதரம் மெதுவாகத் திருப்பிப் பாருங்கோ, தண்ணி வந்ததும் திரும்ப மூடுங்கோ. மாதம் ஒருக்கா செய்யச் சொல்லித்தான் கைநூலில் இருக்கும், ஆரும் செய்வதில்லை. சுண்ணாம்பு பிடித்து அசையவில்லை என்றால் பலவந்தப்படுத்த வேண்டாம். மாமா சொன்ன ஆளைக் கூப்பிட்டு அந்தச் சின்னச் சாமானை மாற்றச் சொல்லுங்கோ. ஆள் நேரத்துக்கு வாறாரோ, தெவி தாறாரோ, நிலத்தைத் துடைச்சுப்போட்டுப் போறாரோ என்று பார்க்க அதைவிட மலிவான வழி இல்லை.