தொடவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்



மாரி மழைக்கு முன்னர் வளவைத் துப்புரவாக்கும் வேலையில் நம்மில் பலர் இறங்கியிருப்போம். பற்றை வெட்டுவது, வேலிக்குக் கதியால் போடுவது, கிணறு இறைப்பது, குப்பையைக் கூட்டிக் கொளுத்துவது எல்லாம் இந்த நாட்களில்தான் நடக்கும். ஆண் துணை இல்லாத வீடுகளில் மண்வெட்டியும் கத்தியும் பெண்ணின் கையில்தான் இருக்கின்றன. அதனால் இந்த மாதம் மண்ணுக்குள் கிடக்கும் பழைய வெடிபொருட்களைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தேன்.

"போர் முடிந்து இவ்வளவு காலமாகிவிட்டது, இன்னுமா இந்தக் கதை?" என்று நீங்கள் கேட்கலாம். போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. ஆனால் காணி துப்புரவு செய்யும்போது கைக்குண்டு வெளிப்பட்டது, அத்திவாரம் வெட்டும்போது எறிகணை கிடந்தது என்ற செய்திகள் அதன் பின்னரும் ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கின்றன. 2000ஆம் ஆண்டு முதல் போரின் கடைசிக் கட்டம் வரை முன்னரங்காக இருந்த முகமாலைப் பகுதி, நாட்டிலேயே மிதிவெடிகள் மிகச் செறிவாகப் புதைக்கப்பட்ட இடங்களில் ஒன்று. 2017 டிசெம்பரில் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தபோது, மிதிவெடிகளை அகற்றி முடிப்பதற்குக் கிடைத்த கெடுவே 2028 யூன் வரை இருந்தது.

மிதிவெடி புதைத்த இடம் கண்டறியப்பட்டால் அங்கே மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை நாட்டுவார்கள். கைக்குண்டுக்கு அப்படிப் பலகை இல்லை. அது மூடிப்போன பதுங்குகுழிக்குள் கிடக்கும், வேலியோரத்தில் கிடக்கும். இடம்பெயர்ந்து ஓடிய நேரத்தில் கிணற்றிலும் குளத்திலும் போடப்பட்டவையும் உண்டு. துப்புரவு செய்து கையளித்த காணியில்கூட ஆழத்தில் கிடந்த ஒன்று தப்பியிருக்கலாம். மழை மண்ணை அரித்துச் செல்லும்போது அது மேலே வரும்.

"உது கறள் பிடிச்சுப் போச்சு, இனி ஒண்டும் செய்யாது" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சகோதரிகளே, இது மிகவும் பிழையான எண்ணம். கைக்குண்டின் தலையில் வளையத்தோடு ஒரு ஊசி இருக்கும். அந்த ஊசிதான் பக்கத்தில் உள்ள பிடியை அழுத்தி வைத்திருக்கிறது. பிடி விலகினால் உள்ளே இருக்கும் சுருள்வில் அடிக்கும், நாலைந்து செக்கன்களில் குண்டு வெடிக்கும். பல காலம் மண்ணுக்குள் கிடந்தால் முதலில் உக்கிப் போவது அந்த மெல்லிய ஊசிதான். உள்ளே உள்ள வெடிமருந்து அப்படியே இருக்கும். ஆகவே கறள் பிடித்த குண்டு புதிய குண்டைவிடப் பயங்கரமானது. மண்வெட்டி ஒரு தட்டுத் தட்டினாலே போதும்.

விழுந்தும் வெடிக்காத எறிகணையும் இதைப் போன்றதுதான். அது வெடிக்கப் புறப்பட்டுப் பாதியில் நின்றது. உருட்டினாலோ தூக்கினாலோ மிச்சப் பாதியும் நடந்து முடியலாம்.

நமது அன்றாட வேலைகளில் எங்கே கவனம் வேண்டும்?

முதலாவது, நெருப்பு. குப்பையைக் கூட்டி அந்த இடத்திலேயே கொளுத்துவது நமது வழக்கம். கீழே மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. சூடு பட்டால் சன்னமும் வெடிக்கும், குண்டும் வெடிக்கும். அறிந்து பழகிய ஒரே இடத்தில், ஒவ்வொரு முறையும் அங்கேயே எரியுங்கள். கொளுத்தியபின் பக்கத்தில் நிற்க வேண்டாம். பிள்ளைகளைக் குளிர்காய விடவும் வேண்டாம்.

இரண்டாவது, கிணறும் கிடங்கும். நெடுங்காலம் பாவிக்காத கிணற்றை இறைப்பதற்கு முன்னரும், மலசலகூடக் குழி வெட்டுவதற்கு முன்னரும் அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று அயலில் உள்ள முதியவர்களிடம் விசாரியுங்கள். காவலரணோ பதுங்குகுழியோ இருந்த இடமென்றால் கிராம அலுவலருக்குச் சொல்லி, மிதிவெடி அகற்றுவோர் பார்த்த பின்னர் தொடங்குங்கள்.

மூன்றாவது, விறகு. பழகிய பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்க வேண்டாம். சிவப்புப் பலகையையும் அடையாளத் தடிகளையும் வேலிக்கென்றோ அடுப்புக்கென்றோ பிடுங்கிவிட்டால் அடுத்து வருபவருக்கு ஆபத்து இருப்பதே தெரியாது.

நான்காவது, பழைய இரும்பு. இதைச் சொல்லும்போது எனக்கு மனம் கனக்கிறது. பித்தளைக்கும் அலுமினியத்துக்கும் கிடைக்கும் காசு ஒரு நாள் அடுப்பெரியப் போதும் என்பது எனக்குத் தெரியும். வயிறு காயும்போது ஒருவர் எடுக்கும் முடிவை இங்கிருந்து குற்றம் சொல்ல நான் வரவில்லை. ஆனால் தகரம், கம்பி, ஆணி, பழைய சைக்கிள் என்று உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததை மட்டும் சேருங்கள். உருளையாக, முட்டை வடிவமாக, செட்டையோடு, வயரோடு இருக்கும் எதையும் தொட வேண்டாம். பேனா மூடியளவு சிறிய குழாய்கூட வெடிப்பியாக இருக்கலாம். அது விரல்களையும் கண்ணையும் கொண்டுபோகும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விடயம். கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு மாதர் சங்கக் கூட்டம் முடிந்தபின் ஒரு சகோதரி என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்:

"அக்கா, வளவு கொத்தேக்க ஒரு குண்டு வந்தது. பொலிசுக்குச் சொன்னா, உது எப்பிடி உங்கட காணிக்க வந்தது எண்டு கேப்பினம். இவர் தடுப்பில இருந்து வந்தவர். பிறகும் இவரைக் கொண்டுபோய் விசாரிச்சா நான் பிள்ளையளோட என்ன செய்யிறது? அதுதான் இரவோட இரவாக் கொண்டுபோய் அங்கால பாழ்கிணத்துக்க போட்டிட்டன்."

அந்தப் பயத்தை வீண்பயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம்மில் பலர் பட்டு அறிந்த பயம் அது. ஆனால் அன்றிரவு அச் சகோதரி குண்டைக் கையில் ஏந்தி நடந்த ஒவ்வொரு அடியும் மரணத்தோடு நடந்த அடி. கிணற்றில் போட்டதால் ஆபத்து ஒழியவும் இல்லை. நாளைக்கு அந்தக் காணிக்காரர் திரும்பி வந்து கிணறு இறைப்பார். அது அவருடைய காலடிக்குப் போகும், அல்லது அவருடைய பிள்ளையின் கைக்குப் போகும்.

மறுநாள் சங்கத் தலைவியும் இன்னும் இருவரும் அச் சகோதரியோடு கிராம அலுவலரிடம் போனார்கள். கிராம அலுவலர் ஊடாகப் பொலிசுக்கு அறிவிக்கப்பட்டது. எங்கே, எப்போது கண்டது என்று எழுதி எடுத்தார்கள். நீதிமன்ற அனுமதி பெற்று விசேட அதிரடிப்படையினர் வந்து அதை அகற்றினார்கள். அந்தக் குடும்பத்துக்கு அதனால் தொந்தரவு எதுவும் வரவில்லை. எல்லோருக்கும் எல்லா இடத்திலும் அப்படியே நடக்கும் என்று நான் உறுதி தர முடியாது. ஆனால் தனியே போவதும் நாலு பேரோடு போவதும் ஒன்றல்ல. ஆகவே எப்போதும் சங்கமாகப் போங்கள். பொலிசுக்கு நேரே போகத் தயங்கினால் கிராம அலுவலரிடமோ, பகுதியில் வேலை செய்யும் மிதிவெடி அகற்றும் நிறுவனத்திடமோ சொல்லுங்கள். ஹலோ ட்ரஸ்ட், மக் போன்ற நிறுவனங்களில் நம்மைப் போன்ற பெண்கள் பலர், குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள் உட்பட, முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாக மண்ணைச் சோதித்திருக்கிறார்கள். நாம் சொன்னால்தானே எங்கே தேடுவதென்று அவர்களுக்குத் தெரியும்?

பிள்ளைகள் விடயத்திலும் இதே பாடம்தான். "தொட்டால் அடிப்பன்" என்று மிரட்டினால், எதையாவது கண்ட பிள்ளை அடிக்குப் பயந்து ஒளித்து வைக்கும். "தெரியாத சாமானைக் கண்டால் தொடாமல் ஓடிவந்து சொல்லு, அம்மா ஏசமாட்டன்" என்று சொல்லுங்கள். சொல்லிய பிள்ளையை நாலு பேர் முன்னால் மெச்சுங்கள். மற்றப் பிள்ளைகளும் சொல்லப் பழகுவார்கள்.

சந்தேகமான பொருளைக் கண்டால் செய்ய வேண்டியவை இவைதான்:

அந்த இடத்திலேயே நில்லுங்கள். தொடவோ, கல்லெறியவோ, தண்ணீர் ஊற்றவோ வேண்டாம்.

வந்த காலடித் தடத்திலேயே மெதுவாகத் திரும்புங்கள்.

தூரத்தில், பாதுகாப்பான பாதையோரத்தில், ஒரு துணியையோ ஓலையையோ கட்டி அடையாளம் வையுங்கள்.

ஆடு மாட்டையும் பிள்ளைகளையும் தள்ளி வைத்து, அயலாருக்குச் சொல்லுங்கள். காட்டுவதற்கென்று யாரையும் கூட்டிக்கொண்டு திரும்பப் போக வேண்டாம்.

கிராம அலுவலருக்கோ 119 இலக்கத்தில் பொலிசுக்கோ அறிவியுங்கள். யாராவது காயப்பட்டால் 1990 இலக்கத்தில் அம்புலன்சைக் கூப்பிடுங்கள். பதறி ஓடிப்போக வேண்டாம், பக்கத்தில் இன்னொன்று இருக்கலாம். பாதுகாப்பான இடத்துக்கு வந்தபின் இரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் இறுக அழுத்திப் பிடியுங்கள்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இந்தப் பக்கத்தை யாராவது ஒருவர் வாசித்துக் காட்டுங்கள். உங்கள் ஊரில் எந்தெந்தக் கிணறு, எந்தெந்தப் பற்றைக் காணி சந்தேகத்துக்குரியது என்று இருந்து பேசி ஒரு கடதாசியில் எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டுக் கிராம அலுவலரிடம் கொடுங்கள். கையெழுத்து நாற்பது பேருடையது என்றால், "உது எப்பிடி உங்கட காணிக்க வந்தது" என்று ஒருத்தியை மட்டும் யாரும் கேட்க முடியாது.