வானத்துக்கும் ஒரே மொழியா?

புதிதாக வானூர்தி ஓட்டப் பயில்வோனுக்கு வானம் முதலில் ஓர் அகன்ற வெளி. வயல்களுக்கும் காடுகளுக்கும் மேலே அவன் விரும்பியவாறு திரும்பலாம்; எவரையும் கேட்க வேண்டுவதில்லை. பெருநகரை அணுகியவுடன் அவ்வெளியே சுவரில்லாக் கோட்டையாகி விடுகின்றது. கட்டுப்பாட்டு வான்வெளி என்பது அதன் பெயர். அதனுள் நுழையுமுன் வானொலியில் வான்நெறியாளரை அழைத்து, தான் யார், எங்குள்ளான், எவ்வுயரத்தில் பறக்கின்றான், என்ன வேண்டுகின்றான் என்னும் நான்கையும் சுருங்கச் சொல்லி இசைவு பெறல் வேண்டும். அவர் தரும் நான்கிலக்க எண்ணைக் கருவியில் பதித்தல் வேண்டும். அவர் கட்டளையிட்ட உயரத்தையும் திசையையும் ஓடுதளத்தையும் பிழையின்றித் திருப்பிச் சொல்லிக் காட்டல் வேண்டும்.

இத்துணையும் நிகழ்வது, கை ஊர்தியை நிலைநிறுத்திக் கொண்டும், கண் பிற ஊர்திகளைத் தேடிக் கொண்டும் இருக்கையில்! முதலில் ஊர்தியை ஓட்டு. அடுத்து வழியை அறி. அதன்பின் பேசு என்பதே பயிற்றுநர் புகட்டும் வரிசை. மூன்றாவதாகிய பேச்சு, அயன்மொழிச் சுமையால், முன்னிரண்டுக்கும் உரிய கருத்தை உண்டுவிடுமானால் என்னாவது?

இவ்வினாவை உலகின் முன் வைத்தவர்கள் கனடாவின் கியூபெக்கு மாநிலத்தவர். அங்குப் பெரும்பான்மையர் பிரஞ்சு பேசுவோர். அதன் பெருநகராகிய மான்றியாலில், செயிண்டு இலாரன்சு ஆற்றின் ஒருபுறம் பேரூர்திகள் இறங்கும் தோர்வால் நிலையம். மறுபுறம் பயிற்சியூர்திகள் மொய்க்கும் செயிண்டு உபேர் நிலையம். ஊர்தியில் இருப்பவனும் பிரஞ்சன், கோபுரத்தில் இருப்பவனும் பிரஞ்சனாயினும், 1974 வரை அவர்களிடையே ஒப்புதல் பெற்ற மொழி ஆங்கிலம் ஒன்றே! அவ்வாண்டில்தான் கியூபெக்கு நகர் உள்ளிட்ட ஐந்து சிறு நிலையங்களில், கண்பார்வையால் வழியறிந்து பறப்போர்க்குப் பிரஞ்சு இசைவளிக்கப்பட்டது. அதனை மான்றியால் வானுக்கும் விரிக்க முயன்றபோது ஆங்கில ஊர்தி ஓட்டுநர் வெகுண்டெழுந்தனர். 1976 சூனில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்து நாட்டின் வான்போக்குவரவையே முடக்கினர். அரசு அவர்களோடு செய்துகொண்ட உடன்பாட்டை ஏற்க மாட்டாமல் நடுவண் அமைச்சர் சான் மார்சான் பதவி துறந்தார்.

எதிர்த்தோர் சொன்ன கரணியம் புறந்தள்ளத் தக்கதன்று. ஓர் ஓட்டுநன் பிறர் பேச்சையும் செவிமடுத்தே அவர்கள் எங்குள்ளனர் என்றறிகின்றான். ஒருமொழி அவனுக்கு விளங்காவிடின் அவ்வறிவு குன்றும் என்றனர். ஆனால் கட்டுப்பாட்டு வான்வெளியில் ஊர்திகளை இடைவிட்டு நிறுத்தும் பொறுப்பு யாருடையது? இருமொழியும் அறிந்த நெறியாளருடையது அன்றோ? மேலும், கட்டளையையே அரைகுறையாய் விளங்கிக் கொண்ட மாணவன் ஒருவன் அதே வானில் பறப்பது ஏதமில்லையோ?

ஒருமொழியே காப்பு என்பார்க்கு 1977 மார்ச்சு 27 விடை கூறிற்று. கானரித் தீவுகளுள் ஒன்றான தெனெரீபில், மூடுபனியில், இரு பேரூர்திகள் ஓடுதளத்திலேயே மோதி 583 பேர் மாண்டனர். அங்கே வானொலியில் பேசப்பட்டது ஆங்கிலமே! ஆலந்து ஊர்தியினர் புறப்படுகின்றோம் என்னும் பொருளில் சொன்னதைப் புறப்படக் காத்திருக்கின்றோம் என்று கோபுரத்தார் கொண்டனர். நேர்ச்சிக்குக் கரணியங்கள் பல. அவற்றுள் இம்மயக்கமும் ஒன்று. ஐயத்திற்கிடமற்ற சொல்லும், அதனை முற்ற விளங்கிக் கொள்ளும் செவியுமே காப்பு என்பதனை உலகம் பேரிழப்பால் கற்றது.

கியூபெக்கு வழக்கு கூச்சலால் முடியவில்லை, ஆய்வால் முடிந்தது. மூன்று நடுவர் அடங்கிய ஆணையம் சான்றுகளைக் கேட்டு, இருமொழி நெறிப்பாட்டை ஒப்புமைக் கருவிகளில் இயக்கிப் பார்த்த ஆய்வுகளையும் எடைபோட்டு, இருமொழியால் பாதுகாப்புக் குன்றாது என்று 1979-இல் முடிவுரைத்தது. இன்று கியூபெக்கு வானில் பிரஞ்சிலும் பேசலாம், ஆங்கிலத்திலும் பேசலாம். பன்னாட்டு ஒழுங்கும் இதற்கு மாறன்று: தரைநிலையத்தின் வழக்கமான மொழியையோ ஆங்கிலத்தையோ ஆளலாம் என்றே அது கூறுகின்றது.

பிற நாடுகளுக்குப் பறக்க விழைவோன் ஆங்கிலமும் கற்கட்டும், அதனை மறுப்பாரில்லை. தன் மண்ணின் மேலே, தன் மக்களுள் ஒருவன் தரும் கட்டளையைத் தன் மொழியில் கேட்கும் உரிமையை இழக்க வேண்டுவது ஏன் என்பதே கேள்வி. மொழியுரிமை கேட்கும் போதெல்லாம் 'நடைமுறைக்கு ஒவ்வாது, ஏதம் விளையும்' என்று அச்சுறுத்துதல் எங்கணும் உள்ள வழக்கம். கியூபெக்கு மக்கள் அவ்வச்சத்தைக் கண்டு ஒடுங்கவுமில்லை. அதனை எள்ளி ஒதுக்கவுமில்லை. 'ஆய்ந்து பாருங்கள்' என்றனர். ஆய்ந்தபோது அச்சம் பொய்த்தது, உரிமை நின்றது. உரிமை வேண்டுவோர் கைக்கொள்ள வேண்டிய நெறியும் அதுவே.