வெள்ளம் வடிந்த பிறகு

2021ஆம் ஆண்டு டிசம்பர் மாத நடுப்பகுதியில் சிலாங்கூரில் இடைவிடாது மழை கொட்டியது. ஷா ஆலாமில் உள்ள தாமான் ஸ்ரீ மூடா குடியிருப்பு நீரில் மூழ்கியது. மாடியிலும் கூரையிலும் ஏறி நின்றவர்கள் படகு வருமா என்று இரவெல்லாம் காத்திருந்தனர். சில நாளில் வெள்ளம் வடிந்தது. பாழான மெத்தைகளும் குளிர்பதனப் பெட்டிகளும் தெருவோரம் மலைபோல் குவிந்தன. அந்த இழப்பு கண்ணுக்குத் தெரிந்தது. மழை சற்று வலுத்தாலே உறக்கம் கலைந்து வாசலை எட்டிப் பார்க்கும் அச்சம் எந்தக் கணக்கிலும் சேரவில்லை.

முதலில் சோறும் பாயும் கொடுப்போம், மனத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் சொல்வதுண்டு. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும் இக்கருத்தில் பிழை இருக்கிறது. சோற்றையும் மனத்தையும் அப்படிப் பிரிக்க இயலாது. நிவாரண மையத்தில் உடை மாற்ற மறைப்பு இல்லை. அடுத்த வேளை உணவு எப்போது வரும் என்று சொல்ல ஆள் இல்லை. பாட்டியை எந்த மையத்திற்குக் கொண்டு சென்றார்கள் என்பதும் தெரியவில்லை. வெள்ளத்தில் தப்பிய மனத்தை இவையும் வாட்டும். ஒரு திரைச்சீலை, ஓர் அறிவிப்புப் பலகை, குடும்பத்தைப் பிரிக்காமல் ஒரே இடத்தில் தங்கவைத்தல் ஆகியவை மனநல உதவியே. ஐக்கிய நாட்டு அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் இணைந்து 2007இல் வெளியிட்ட வழிகாட்டியும் அடிப்படைத் தேவைகளைப் பாதுகாப்பாகவும் மதிப்புடனும் வழங்குவதையே மனநல உதவியின் அடித்தளமாகக் கொள்கிறது. மருத்துவர்களின் சிறப்புச் சிகிச்சை, தேவைப்படும் சிலருக்கு உரியது.

இன்னொரு தவறு நல்லெண்ணத்தால் நேர்வது. உதவ வருபவர்கள், “என்ன நடந்தது? முழுவதும் சொல்லுங்கள்” என்று துருவித் துருவிக் கேட்கின்றனர். சிலர் கைப்பேசியில் படமும் பிடிக்கின்றனர்! நடந்ததை மீண்டும் மீண்டும் சொல்லவைப்பது ஆறுதல் ஆகாது. “உயிர் தப்பியதே பெரிது, அழாதீர்கள்” என்று வாயை அடைப்பதும் ஆறுதல் ஆகாது. உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்று செயல்களைக் கூறுகிறது: கவனித்துப் பார்த்தல், செவிசாய்த்தல், தேவையான உதவியோடு இணைத்தல். பேச விரும்புகிறவர் பேசட்டும். விரும்பாதவர் அருகில் அமைதியாக அமர்ந்திருந்தாலே போதும். இதற்கு மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை. ஆனால், மொழி வேண்டும். தமிழில் மட்டுமே மனம்விட்டுப் பேசக்கூடிய ஒரு மூதாட்டிக்குத் தமிழறிந்த தன்னார்வலர் ஒருவர் கிடைப்பது மருந்துக்கு நிகர்.

பெரும்பாலோர் சில வாரங்களில் தாமாகவே தேறிவிடுவர். பள்ளி திறந்ததும் பிள்ளைகள் முகத்தில் தெளிவு வருவதைப் பெற்றோர் கண்டிருப்பர். வாரங்கள் கடந்தும் உறக்கமின்றித் தவிப்பவர், உணவை வெறுப்பவர், வாழ்வே வேண்டாம் என்று பேசுபவர் ஆகியோரை மட்டும் ‘காலம் ஆற்றும்’ என்று விட்டுவிடக்கூடாது. அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். சுகாதார அமைச்சின் 15555 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் நவம்பரில் தொடங்குகிறது. அதற்குள் படகு, அரிசி, போர்வை என்று பட்டியல் தயாராகிவிடும். அதே பட்டியலில் திரைச்சீலையையும் அறிவிப்புப் பலகையையும் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களின் பெயர்களையும் சேர்ப்பதற்குப் பெரிய செலவு ஆகாது.