போதகரின் கனவுக்கு நாம் என்ன கொடுத்தோம்?



ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று பேசுகிற பேச்சு இருக்கிறதே, அதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். செருப்பைத் தேடிக்கொண்டே ஒருவர் ஆரம்பிப்பார்: "ஐயா புதுசா ஏதோ தொடங்கணும்னு சொல்றாரே, கேட்டீங்களா?" குடையை விரித்தபடி இன்னொருவர், "அவருக்கென்ன, சொல்லிட்டு நாலு வருஷத்துல மாற்றலாகிப் போயிடுவாரு. கடனைக் கட்டப்போறது நாமதானே" என்பார். எல்லோரும் சிரிப்போம். உள்ளே வேதபுத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டிருக்கும் போதகர் காதில் அது விழுந்திருக்குமா என்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

விழும். ஒரு போதகரே என்னிடம் சொன்னார். சொன்ன இடம் பஸ் ஸ்டாண்டு. அதைப் பிறகு எழுதுகிறேன்.

இந்து வாசகர்கள் மன்னிக்க வேண்டும். இந்தத் தடவை நம் தோட்டத்துக் கிறிஸ்துவக் குடும்பங்களோடு கொஞ்சம் பேசவேண்டியிருக்கிறது. ஆனாலும் மாரியம்மன் கோயில் கமிட்டியில் இருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கதை ஒன்றும் புதிதாக இருக்காது.

1979-ஆம் ஆண்டில் எங்கள் தோட்டம் முழுக்க ரப்பர். தேவாலயம் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். பலகைச் சுவர், தகரக் கூரை, எட்டு பெஞ்சு. பதினெட்டுக் குடும்பங்கள். போதகர் ஐயா டவுனில் குடியிருந்தார். அவருக்கு எங்களைப் போல இன்னும் ஐந்து தோட்டங்கள். ஹோண்டா கப் மோட்டார் சைக்கிளில் செம்மண் சாலையில் வருவார். மழைக்காலத்தில் வந்து இறங்கும்போது வெள்ளை அங்கி இருக்கிற பையைத் தவிர மற்றதெல்லாம் சேறு. மாதத்தில் இரண்டு ஞாயிறு எங்களுக்கு. காலையில் வேறு இரண்டு இடம் முடித்துவிட்டு மத்தியானம் மூன்று மணிக்கு வந்து நிற்பார். சாப்பிட்டாரா என்று நாங்கள் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

அந்த வருடம் கமிட்டியில் அவர் ஒரு யோசனை சொன்னார். தமிழ்ப்பள்ளி முடித்துப் புகுமுக வகுப்புக்கு டவுனுக்குப் போகிற பிள்ளைகள் மலாய்மொழியிலும் கணக்கிலும் தடுமாறி, மூன்றாம் படிவத்தோடு நின்றுவிடுகிறார்கள். திரும்பி வந்து அப்பன் ஆத்தாளோடு வாளி தூக்குகிறார்கள். நம் கோயில் வாரத்தில் ஆறு நாள் பூட்டிக் கிடக்கிறது. திங்கள் முதல் வியாழன் வரை ராத்திரி வகுப்பு வைப்போம், எந்த மதத்துப் பிள்ளையானாலும் வரட்டும் என்றார். அவரே வாரம் இரண்டு நாள் வந்து சொல்லித்தருவதாகவும், மீதி நாளுக்கு டவுனில் இரண்டு வாலிபர்களைப் பார்த்து வைத்திருப்பதாகவும் சொன்னார். வேண்டியது கரும்பலகை, மேசை, இரண்டு கேஸ் விளக்கு, அந்த வாலிபர்களுக்குப் பெட்ரோல் செலவு. அவ்வளவுதான்.

நான் அப்போது பொருளாளர். கையிருப்பு ஆயிரத்து எண்ணூறு வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். கூரை மாற்றவென்று ஆறு வருடமாகச் சேர்த்த காசு. நான்தான் முதலில் வாய் திறந்தேன். "ஐயா, காணிக்கைக் காசு சாமி காரியத்துக்கு. பள்ளிக்கூடம் நடத்த அரசாங்கம் இருக்கு" என்றேன். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அவர் வாதாடவில்லை. தன் பையிலிருந்து ஒரு விளக்கு வாங்கிக்கொண்டு வந்து வகுப்பைத் தொடங்கிவிட்டார். பதினான்கு பிள்ளைகள் வந்தார்கள், அதில் ஒன்பது பேர் இந்துப் பிள்ளைகள். நாங்கள் கதவைப் பூட்டிவிடவில்லை. அதைப் பெரிய தயவாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

எட்டு மாதம் நடந்தது. கூட வந்த வாலிபர்கள் பெட்ரோலுக்குக் கைக்காசு போட்டுப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்கள். ஐயா தனியாக நான்கு நாளும் வந்து பார்த்தார். ஒரு ராத்திரி சாலை வளைவில் சறுக்கி விழுந்து கை முறிந்தது. ஆண்டு முடிவில் மாற்றல். அவரை வழியனுப்ப டவுன் பஸ் ஸ்டாண்டுக்குப் போனவர்கள் மூன்று பேர், நானும் ஒருவன். அப்போதுதான் சொன்னார்: "வாசல்ல நின்னு பேசுறது உள்ள நல்லாக் கேக்கும் தம்பி, பலகைச் சுவர்தானே." கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார். அது போதாதா!

எங்கள் லயத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணன் அந்த எட்டு மாதமும் விளக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவன். தம்பிக்கு வயது வருவதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. அண்ணன் ஆசிரியர் பயிற்சிக்குப் போனான். தம்பி பதினைந்து வயதில் காட்டுக்கு வந்தான். ராத்திரி வகுப்புதான் காரணமென்று நான் அடித்துச் சொல்லமாட்டேன், பிள்ளைக்குப் பிள்ளை புத்தி வேறு. ஆனால் அந்தத் தம்பியைப் பார்க்கிறபோதெல்லாம் அந்த ஆயிரத்து எண்ணூறு வெள்ளிதான் எனக்கு ஞாபகம் வரும். கூரை மாற்றினோமா என்று கேட்கிறீர்களா? மாற்றினோம். பிறகு தோட்டம் செம்பனையாகி, சனங்கள் டவுனுக்குக் கிளம்பிப் போனபோது, அந்தக் கூரையைக் கழற்றி விற்றோம்.

நிற்க. திருநெல்வேலிக்காரர் ஒருவரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-ஆம் ஆண்டு வெள்ளாளன்விளையில் ஒரு கிராமப் போதகருக்கு மகனாகப் பிறந்தவர். ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளராக இருந்து ஊர் ஊராகச் சுற்றினவர். 1902-இல் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்துவர்கள் வெள்ளைக்காரன் காசை எதிர்பாராமல் தாங்களே ஊழியரை அனுப்பித் தாங்குவதைப் பார்த்தார். திருநெல்வேலியில் நம்மால் ஏன் முடியாது என்ற கேள்வியோடு திரும்பினார். 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. ஆளும் இந்தியர், பணமும் இந்தியர் பணம், நிர்வாகமும் இந்தியரே என்பது அதன் ஏற்பாடு. அவர்கள் ஊழியத்துக்கு எடுத்துக்கொண்ட இடம் நிஜாமின் ஐதராபாத் சீமையில் தோர்ணக்கல் பக்கம். இன்றைக்கு அது தெலங்கானா. தமிழே இல்லாத தெலுங்கு நாடு.

இதில் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது அசரியாவின் கனவு அல்ல. கனவு காண்கிறவர் எந்தக் காலத்திலும் உண்டு. பனையேறியும் வயல் வேலை செய்தும் பிழைத்த குடும்பங்கள் அந்தக் கனவுக்குக் காசு கொடுத்தார்களே, அதுதான். பானையில் அரிசி போடுமுன் ஒரு பிடி தனியே எடுத்துவைக்கிற வழக்கம் நம் பாட்டிமாருக்குத் தெரியும். இங்கே தோட்டத்திலும் அதைச் செய்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தறியாத ஊரில், தெரியாத பாஷை பேசுகிற சனங்களுக்காக எழுந்த காரியம் அப்படிப்பட்ட வீடுகளின் கொடையில்தான் நின்றது. மற்றவர்களைப் போகச் சொன்ன அசரியா 1909-இல் வேலையை விட்டுவிட்டுத் தாமே தோர்ணக்கலுக்குப் போனார். தெலுங்கு கற்றார். ஆரம்பத்தில் கூடாரத்தில்தான் வாசம். மனைவி அன்பு அம்மாள் படித்த பெண்மணி, பெண்கள் மத்தியில் ஊழியத்தைத் தம் தோளில் ஏற்றுக்கொண்டார்.

1912 டிசம்பர் 29-ஆம் தேதி கல்கத்தாவில் அவரை ஆயராக அபிஷேகம் செய்தார்கள். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் ஆயரானது அதுதான் முதல் தடவை. வயது 38. வெள்ளைக்கார மிஷனரிமாரில் பலருக்கு அது பிடிக்கவில்லை. நம்மவர்களிலும் எதிர்த்தவர்கள் இருந்தார்கள், சாதியும் அதில் புகுந்திருந்தது. வாசல் பேச்சு அன்றைக்கும் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

அங்கே அவர் சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்று ஒதுக்கப்பட்ட கூலிக்காரர்கள். அவர்களையும் கொடுக்கப் பழக்கினார். ஏழை என்று விட்டுவிடவில்லை. பிடி அரிசி, கோழி, தானியம், எது முடியுமோ அது. ஒரு பெரிய ஆலயம் எழுப்ப வேண்டுமென்று ஆசைப்பட்டார். நடுவில் முதல் உலகப்போர் வந்தது, பணமுடை வந்தது. ஏறக்குறைய இருபத்தைந்து வருடம் இழுத்தது. 1939 ஜனவரி 6-ஆம் தேதிதான் பிரதிஷ்டை. தூண்களைப் பார்த்தால் இந்துக் கோயில் மண்டபம், குவிமாடத்தைப் பார்த்தால் பள்ளிவாசல், உள்ளே கிறிஸ்துவ ஆலயம். ஆறு வருடம் கழித்து, 1945 ஜனவரி முதல் தேதி, அசரியா காலமானார். இருபத்தைந்து வருடம் என்றால் யோசித்துப் பாருங்கள். முதலில் பிடி அரிசி போட்ட எத்தனை பேர் கட்டி முடித்ததைப் பார்த்திருப்பார்கள்?

சரி, நாம் என்ன செய்யலாம்? அமலேக்கியரோடு யுத்தம் நடந்தபோது மோசேயின் கைகளை ஆரோனும் ஊரும் தாங்கினார்கள் என்று எத்தனையோ பிரசங்கம் கேட்டிருப்பீர்கள். யாத்திராகமம் 17-ஆம் அதிகாரத்தை இன்னொரு முறை நிதானமாகப் படியுங்கள். கையைத் தாங்குவதற்கு முன்னால் ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டு அவரை உட்கார வைத்தார்கள். நாம் கல்லை மறந்துவிடுகிறோம். மூன்றாவது ஆராதனைக்கு வருகிற போதகருக்கு ஒரு தேநீர், இரண்டு துண்டு ரொட்டி. அவர் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் கட்டியாகிவிட்டதா என்று ஒரு விசாரிப்பு. போதகரம்மாவை ஞாயிற்றுப் பள்ளிக்கும் பெண்கள் ஐக்கியத்துக்கும் சம்பளமில்லா வேலைக்காரியாக நடத்தாமல் இருப்பது. இதெல்லாம் கமிட்டித் தீர்மானம் போடாமலே செய்யக்கூடியவை.

போதகர் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று தலையாட்டச் சொல்கிறேனா? இல்லை. கல்வெட்டில் தன் பெயர் வரவேண்டுமென்று கட்டடம் எழுப்ப நினைப்பவரும் உண்டு. தோட்டத்துச் சனங்களின் கூலிக்கு மேல் கடன் வாங்கிவிட்டு நம்பிக்கை வையுங்கள் என்பவரும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் கமிட்டியில் அவர் முகத்துக்கு நேரே, மரியாதையோடு, "ஐயா, இது நம்மால் முடியாது" என்று சொல்லுங்கள். கணக்கைக் கேளுங்கள். நானும் அன்றைக்குக் கணக்குதானே கேட்டேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் நான் கணக்குக் கேட்கவில்லை. எவ்வளவு செலவாகும் என்றுகூடக் கேட்கவில்லை. வேண்டாம் என்று முதலிலேயே முடிவுகட்டிவிட்டு, சாமியின் பேரைச் சொல்லி மறைத்தேன்.

எங்கள் பழைய தோட்டத்துச் சனங்களில் பாதிப்பேர் இப்போது டவுனில் மலிவு விலை அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். வயதானவர்கள் நாலாவது மாடியிலிருந்து இறங்குவதே பெரும்பாடு, பஸ் பிடித்துக் கோயிலுக்கு வருவது எங்கே! இப்போதுள்ள போதகர் சின்னப் பையன், முப்பது தாண்டவில்லை. போன ஞாயிறு பிரசங்கத்துக்குப் பின் ஓர் அறிவிப்புச் செய்தார். பழைய வேன் ஒன்று வாங்கி, ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களை ஏற்றி வரவும், மற்ற நாளில் அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வரவும் ஆசைப்படுகிறாராம். கோயில் வாசலில் வழக்கம்போல் பேச்சு ஆரம்பித்தது. பெட்ரோல் யார் போடுவது, ஓட்டுவது யார், சாலை வரி யார் கட்டுவது.

எல்லாம் நியாயமான கேள்விகள்தான். அதை உள்ளே வந்து கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். வியாழக்கிழமை கமிட்டி கூடுகிறது. அதற்கு முன்னால் வேனைப் பார்த்துவர மெக்கானிக் வேலை தெரிந்த என் மருமகனைக் கூட்டிப் போகிறேன். படத்தைப் பார்த்தே டயர் நான்கும் மாற்ற வேண்டியிருக்கும் என்கிறான்.