தோசைக்கல்லுக்குக் கிடைத்த இலவசப் புகழ்

பாத்திரக் கடைக்காரர் வார்ப்பிரும்பு தோசைக்கல்லைக் கையில் கொடுத்து, "தூக்கிப் பாருங்கம்மா, என்ன கனம்! சூடு ஒரே சீரா நிக்கும்" என்பார். குறிஞ்சிப்பாடி கடைத்தெருவானாலும் நெய்வேலி டவுன்ஷிப் ஆனாலும் பேச்சு இதுதான். அதில் பாதிதான் உண்மை. சூடு நிற்கும், சீராக நிற்காது.

இரும்பு சூட்டைப் பிடித்து வைப்பதில் கெட்டி, பரப்புவதில் மந்தம். அலுமினியம் அதைவிட ஏறக்குறைய 4 மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். செம்பு 7, 8 மடங்கு. கேஸ் அடுப்பின் தீ வளையம் படுகிற இடம் முதலில் காய்கிறது. அந்தச் சூடு விளிம்புக்குப் போய்ச் சேர்வதற்குள் நடுவில் தோசை தீய்ந்துவிடும். அப்போதும் கல்லை ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம். மாவு புளிக்கவில்லை, கல் இன்னும் பழகவில்லை, மருமகளுக்குக் கைப்பக்குவம் போதாது!

நம்பாதவர்கள் ஒரு கைப்பிடி மைதா எடுங்கள். எண்ணெய் தடவாத, ஆறிய கல்லில் சலித்து மெல்லியதாகப் பரப்பி, அடுப்பைப் பற்றவையுங்கள். சில நிமிடங்களில் பர்னரின் வடிவம் பழுப்பு வளையமாக எழுந்து வரும். வளையம் கருகத் தொடங்கும்போதும் ஓரத்து மாவு வெள்ளையாகவே கிடக்கும். தண்ணீர் தெளித்துப் பார்க்கிறோமே, அந்த 'சுர்' துளி விழுந்த இடத்துக்கு மட்டுமே சாட்சி.

மேல்நாட்டு அடுப்பிலும் இதே கதைதான். அங்கே மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளை எரிக்கும் பெல்லட் கிரில் பிரபலம். முகப்பில் டிஜிட்டல் எண் ஒளிரும். அது உள்ளே உணரி இருக்கும் இடத்தின் சூடு, அவ்வளவுதான். விவரம் தெரிந்தவர்கள் கம்பித்தட்டு முழுக்க ரொட்டித் துண்டுகளை அடுக்கிச் சுட்டு, எது கருகியது, எது வெளுத்தது என்று பார்க்கிறார்கள். நம் பரோட்டா மாஸ்டருக்கு அந்தச் சோதனைகூடத் தேவையில்லை. சுடுகிற இடத்தில் வேகவைத்து ஓரத்துக்குத் தள்ளுகிறாரே, கல்லில் சூடு சமமில்லை என்பது அவர் கைக்குத் தெரியும்.

"பாட்டி காலத்தில் இதே கல்லில் சீராக வந்ததே" என்பார்கள். வந்திருக்கும். ஆனால் அன்று கல்லின் கீழே இருந்தது விறகுத் தணல், கரி, நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை அழுத்திக் கரியாக்கி விற்ற லெக்கோ. அகலமாகப் பரவிக் கிடந்த கங்கு கல்லின் அடி முழுவதையும் காய்ச்சியது. கேஸ் வந்தபோது தணல் போனது, கல் தங்கியது, புகழும் அதற்கே போனது.

இத்தனைக்கும் நெய்வேலி அனல்மின் நிலையம் உள்ள ஊர். அங்கே கொதிகலனின் சூட்டை ஒற்றை முள்ளைப் பார்த்து யாரும் முடிவு செய்வதில்லை. பல இடங்களில் தெர்மோகப்பிள் பதித்துக் கண்காணிக்கிறார்கள். அங்கே ஷிப்ட் முடித்து வருபவரும் வீட்டில் 'சுர்'ரை நம்பித்தான் உட்காருகிறார்.

கனம் வீண் என்று சொல்லவில்லை. குளிர்ந்த மாவை ஊற்றினாலும் கனத்த கல் சட்டென்று ஆறாது. அதற்காக வாங்குங்கள், சீர்மைக்காக வாங்காதீர்கள். வாங்கும் முன் வீட்டு பர்னரின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். அதைவிட மிகப் பெரிய கல் வேண்டாம். சிறு தீயில் 10 நிமிடம் காயவிட்டு, நடுநடுவே கல்லை நகர்த்தி வையுங்கள். மருமகளை விட்டுவிடுங்கள்.