டாக்டர்களும் படிக்கட்டும்

நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நிற்கிறது. உடல் தகிக்கிறது, தூக்கம் இல்லை என்று கூச்சத்தை மீறி வேற்று மொழியில் சொல்லும் நம் வீட்டுப் பெண்களுக்கு, "வயதானால் அப்படித்தான்" என்ற பதிலே பல இடங்களில் கிடைக்கிறது.

ஹார்மோன் சிகிச்சையால் மார்பகப் புற்றுநோய் அபாயம் கூடும் என்று 2002-ல் ஓர் அமெரிக்க ஆய்வு எச்சரித்தது. 60 வயதுக்குள், மாதவிடாய் நின்ற 10 ஆண்டுகளுக்குள் தொடங்கினால், தொல்லை மிகுந்தவர்களில் பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம் என்பது பின்னர் தெளிவாயிற்று. யாருக்குத் தரலாம், யாருக்குக் கூடாது என்பதை டாக்டர் அறிந்திருக்க வேண்டாமா?

டாக்டர்கள் 5 ஆண்டுகளில் 30 மணி நேரம் தொடர்கல்வி பெற வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு விதி. அதில் சில மணி நேரத்தை இதற்கு ஒதுக்க வேண்டும். தொழிலாளியின் சம்பளப் பிடித்தமும் சேர்ந்து நடக்கும் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளில் இது முதலில் தொடங்கட்டும்.