மாத்திரை தீர்ந்த நாளும் அவசரம்தான்
நாள்பட்ட நோய்ச் சிகிச்சை குறித்து எங்கள் அமைப்பின் நிலைப்பாடு

சர்க்கரை நோயால் கால் அழுகி, அதை எடுத்தே ஆகவேண்டும் என்ற நிலையில் வருபவருக்கு அரசுக் காப்பீடு கைகொடுக்கிறது. அந்தக் கால் அழுகாமல் இருக்க அவர் ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டிருக்க வேண்டிய மாத்திரைக்கு அதே காப்பீடு உதவுவதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஏற்கிறது. ஆனால் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே அதில் பெரும்பகுதி போகிறது. படுத்தால் பணம், நடமாடினால் இல்லை என்ற இந்த ஏற்பாடு மாற வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு.

இதற்காக 108 வண்டியிலிருந்தோ விபத்துப் பிரிவிலிருந்தோ ஒரு ரூபாயையும் எடுக்கச் சொல்லவில்லை. நள்ளிரவில் மாரடைப்போடு வருபவரைக் காப்பாற்றுவது அரசின் கடமை. அப்படி வருபவர்களில் பலர் பல ஆண்டு இரத்தக்கொதிப்பைக் கவனிக்காமல் விட்டவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். அவசரப் பிரிவின் வாசலில் நிற்கும் கூட்டத்தில் ஒரு பகுதி, புறநோயாளிப் பிரிவு தவறவிட்ட கூட்டம்.

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டுமல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 2021இல் தொற்றா நோய்களால் இறந்தவர்கள் குறைந்தது 4.3 கோடிப் பேர். எழுபது வயதுக்கு முன்பே இறந்தவர்களில் பெரும்பாலோர் ஏழை, நடுத்தர வருமான நாட்டினர். அந்த நாடுகளின் மருத்துவக் கட்டமைப்போ காலரா, அம்மை, பிரசவம், விபத்து ஆகியவற்றை நினைத்துக் கட்டப்பட்டது. அவற்றில் வந்தார், குணமானார், வீட்டுக்குப் போனார் என்று கணக்கை முடித்துவிடலாம். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் அப்படி முடிகிற கணக்கு கிடையாது.

முடியாத சிகிச்சையை நடத்தத் தெரியாதவர்கள் அல்ல நாம். எச்.ஐ.வி. கூட்டுமருந்தை இலவசமாகத் தரும் திட்டம் 2004 ஏப்ரலில் இந்தியாவில் தொடங்கியபோது, முதல் மையங்களில் தாம்பரம் அரசு மருத்துவமனையும் ஒன்று. வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மருந்து அது. மாதாமாதம் மாத்திரையை எண்ணிக் கொடுத்தார்கள். வராதவரைத் தேடிப் போக ஆள் இருந்தார். ஆலோசகர் உட்கார வைத்துப் பேசினார். காசநோய்க்கும் இதே முறைதான். அந்த அக்கறை சர்க்கரை நோயாளிக்கும் உரியது.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சரியான திசையில் வைத்த அடி என்று மனமார ஏற்கிறோம். மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வாசல் ஏறி பிரஷர் பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போவது பல வீடுகளில் பெரிய மாற்றம். ஆனால் எத்தனை பேரைச் சந்தித்தோம் என்ற எண்ணிக்கையே அறிவிப்புகளில் முன்னே நிற்கிறது. 2020இல் தமிழகத்தில் நடந்த ஆய்வில், இரத்தக்கொதிப்பு உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தான். பின்னர் நடந்த ஆய்வில் அது ஏறத்தாழ பதினேழாக உயர்ந்தது. உயர்வில் மகிழ்கிறோம், மீதி எண்பத்து மூன்று பேர் எங்கே என்றும் கேட்கிறோம்.

எனவே ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையமும், எத்தனை பேருக்குச் சர்க்கரையும் பிரஷரும் கட்டுப்பாட்டில் உள்ளன என்பதை ஊரறிய வெளியிட வேண்டும். மாத்திரை வாங்க வராதவரைத் தேடும் பொறுப்பு பெயர் குறித்து ஒருவரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். அதைச் செய்யும் பெண்களுக்கு மதிப்பூதியம் அல்ல, முறையான சம்பளம் வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர் காலை ஓ.பி.க்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும். அதனால் மாலை ஓ.பி. எல்லா ஒன்றியங்களிலும் தேவை. காப்பீட்டுக்கு ஒதுக்கும் நிதியில் ஒரு பங்கு புறநோயாளி மருந்துக்கும் பரிசோதனைக்கும் வர வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மருந்து இருப்பு தீர்ந்துபோனால் “அடுத்த வாரம் வாங்க” என்று சொல்லி அனுப்பக் கூடாது. பக்கத்து நிலையத்திலிருந்து அன்றே வரவழைத்துக் கொடுக்க வேண்டும். இரத்த வங்கியில் ரத்தம் இல்லையென்றால் எப்படி ஓடுவோமோ, அப்படி.